நாமா, நாங்களா? – அயர்லாந்து விடுதலைப் போரில் சின் ஃபெயின்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவில் ஒரு நூலைப் பற்றியோ ஒரு கவிஞரைப் பற்றியோ பேசுவதே நம் வழக்கம். நான் ஓர் அரசியற் கட்சியைப் பற்றிப் பேச விழைகிறேன் என்று சொன்னபோது நண்பர் ஒருவர், "இலக்கிய வட்டத்தில் கட்சிக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. என் விடையும் எளியது. அந்தக் கட்சிக்கு வித்திட்டது ஓர் இலக்கிய வட்டம். அதன் புகழைப் பெருக்கியவர்கள் கவிஞர்கள். அது உடைந்ததும் ஒரு சொல்லின் மேல். ஆகவே இவ்வரங்கில் அதற்கு இடம் உண்டு என்று கருதுகிறேன்.

கட்சியின் பெயர் சின் ஃபெயின். ஐரிஷ் மொழியார் அதனை 'ஷின் ஃபேன்' என்பதுபோல் ஒலிப்பர். 'ஷின்' என்றால் தன்மைப் பன்மை. 'ஃபேன்' என்பது தன்னையே சுட்டி அழுத்தும் சொல். இதனைத் தமிழில் பெயர்க்க முனைபவன் முதல் அடியிலேயே நின்றுவிடுவான். ஏனெனில் நம் மொழியில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது 'நாம்'. கேட்பவரைப் புறத்தே நிறுத்துவது 'நாங்கள்'. ஐரிஷ் மொழியில் இந்த வேறுபாடு இல்லை. ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமக்கிறது. அப்படியானால் சின் ஃபெயின் என்பது 'நாமே' என்பதா, 'நாங்களே' என்பதா? ஆங்கிலேயர் பலர் அதனை 'நாங்கள் மட்டுமே' என்னும் பொருளில் பெயர்த்துப் பழித்தனர். கட்சியை அமைத்தவர்களோ 'நாமே செய்துகொள்வோம்' என்ற பொருளையே கொண்டனர். இந்த இலக்கண ஐயத்தை வழிகாட்டியாகக் கொண்டே அக்கட்சியின் வரலாற்றைப் பார்க்கலாம் என எண்ணுகிறேன்.

அன்பர்களே, 1801-இல் அயர்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்து பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். மாண்டவரும் போனவரும் பெரும்பாலும் ஏழைகள். ஐரிஷ் மொழியை வீட்டில் பேசியவர்களும் அவர்களே. எனவே மக்களோடு மொழியும் குறைந்தது. எஞ்சியோர் தம் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமென்று ஆங்கிலத்தைத் தழுவினர்.

இந்நிலையில் 1892 நவம்பரில் டப்ளின் நகரின் தேசிய இலக்கியச் சங்கத்தில் டக்ளஸ் ஹைட் என்னும் புலவர் ஓர் உரை நிகழ்த்தினார். ஆங்கிலேயரை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டே நடையிலும் உடையிலும் பெயரிலும் அவர்களைப் பின்பற்றுகிறோமே, இது என்ன முரண் என்பதே அவ்வுரையின் சாரம். மறு ஆண்டே, மொழியைக் காக்கக் கேலிக் கழகம் தோன்றியது. ஹைட் அதன் தலைவரானார். ஓர் இலக்கியச் சங்கத்தில் ஒரு மாலைப் பொழுதில் நிகழ்ந்த உரை அது. அன்று அங்கே எத்தனை நாற்காலிகள் நிரம்பியிருந்தன என்று இன்று எவரும் கேட்பதில்லை.

அதே 1893-இல் வில்லியம் ரூனி என்னும் இளங்கவிஞர் கெல்டிக் இலக்கியச் சங்கத்தை அமைத்தார். அவருடைய உற்ற நண்பர் ஆர்தர் கிரிஃபித். கிரிஃபித் அச்சுக்கோப்பவர், ஈய எழுத்துகளைக் கையால் எடுத்து அடுக்கி வாழ்ந்த தொழிலாளி. 1899-இல் இருவரும் சேர்ந்து 'ஐக்கிய ஐரிஷ்காரன்' எனப் பொருள்படும் ஒரு வார இதழைத் தொடங்கினர். ரூனி 1901-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். நண்பரின் கவிதைகள் நூலாக வந்தபோது, இருபது வயது இளைஞர் ஒருவர் ஒரு நாளேட்டில் அதனைக் கடுமையாக விமரிசித்தார். நாட்டுப்பற்று மட்டுமே கவிதையாகிவிடாது என்பதே அவர் கருத்து. அந்த இளைஞர் ஜேம்ஸ் ஜாய்ஸ். கவிஞர் பெருமக்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். நண்பரும் சரி, விமரிசகரும் சரி, இருவருமே அயர்லாந்துக்கு வேண்டியிருந்தனர்.

1905 நவம்பர் 28 அன்று கிரிஃபித் தம் கொள்கையை டப்ளினில் ஒரு மாநாட்டின்முன் வைத்தார். அதற்கு முன்மாதிரி ஹங்கேரி. வியன்னாவுக்குத் தம் உறுப்பினரை அனுப்ப மறுத்தே ஹங்கேரியர் 1867-இல் தம் உரிமையைப் பெற்றனர் என அவர் முந்திய ஆண்டே எழுதியிருந்தார். ஐரிஷ் உறுப்பினர் இலண்டன் நாடாளுமன்றத்தைவிட்டு வெளியேறி டப்ளினில் கூட வேண்டும். வழக்குகளைத் தீர்க்கச் சொந்த நடுவர் மன்றங்கள் வேண்டும். சொந்தத் தொழில்களைப் பேண வேண்டும் என்பன அவர் திட்டங்கள். பிறன் வாசலில் நின்று மனுக் கொடுப்பதை விடுத்து, நம் வீட்டை நாமே கட்டுவோம் என்பது கருத்து. வியப்பு என்னவெனில், அவர் அன்று குடியரசு கேட்கவில்லை. ஓர் அரசர், இரு நாடாளுமன்றம் என்பதே அவர் ஏற்றுக்கொண்ட அமைப்பு.

அதே 1905-இல் வங்கத்தில் சுதேசி இயக்கம் எழுந்தது; மறு ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுந்தவை என்று நான் கூறமாட்டேன்; ஒரே நோய்க்கு இருவேறு நிலங்களில் ஒரே மருந்து கண்டனர் என்பதே பொருந்தும். பின்னர் நேரடித் தொடர்பும் ஏற்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரிலிருந்து டப்ளினுக்குச் சட்டம் பயிலச் சென்ற இளைஞர் ஒருவர், 1916-இல் அந்நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பிற்காலத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரான வி.வி. கிரிதான் அவர்.

இனி ஒரு கசப்பையும் மறையாமல் சொல்ல வேண்டும். 1907 ஜனவரியில் ஆபி நாடக அரங்கில் சிங் எழுதிய 'மேற்குலகின் விளையாட்டு வீரன்' என்னும் நாடகம் அரங்கேறியபோது அரங்கினுள் கலகம் மூண்டது. ஐரிஷ் உழவரை இழிவுபடுத்தும் நாடகம் என்று கிரிஃபித்தின் ஏடு சாடியது. ஏட்ஸ் எழுத்துரிமையின் பக்கம் நின்றார். காலம் ஏட்ஸின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்நாடகம் இன்று அயர்லாந்தின் பெருமைகளுள் ஒன்று. இதனினும் வருந்தத்தக்கது, கிரிஃபித்தின் ஏட்டில் யூதர்க்கு எதிராக வந்த எழுத்துகள். தன் மக்களின் மானத்துக்காக ஓயாது எழுதிய கை, வேறு சிறுபான்மையோரின் மானத்தை எண்ணவில்லை. 'நாம்' என்று தொடங்கிய சொல் அங்கே 'நாங்கள்' என்று சுருங்கியதைக் காண்கிறோம்.

கட்சி தொடக்கத்தில் சிறியது. 1908-இல் வட லீட்ரிம் இடைத்தேர்தலில் நின்று தோற்றது. தன்னாட்சிச் சட்டம் வரப்போகிறது என்று மக்கள் நம்பியிருந்த ஆண்டுகளில் அது ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. 1914-இல் சட்டம் நிறைவேறியும், போர் மூண்டதால் நடைமுறைக்கு வராது நிறுத்திவைக்கப்பட்டது.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. டப்ளின் அஞ்சல் தலைமையகத்தைக் கைப்பற்றிக் குடியரசை அறிவித்தனர் எழுச்சியாளர். அறிவிப்பில் ஒப்பமிட்டோர் எழுவர். அவருள் பாட்ரிக் பியர்ஸ், தாமஸ் மக்டோனா, ஜோசப் பிளங்கெட் மூவரும் கவிஞர்கள். பியர்ஸ் பள்ளி நடத்தியவர். மக்டோனா கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர். பிளங்கெட் நோயாளி, தூக்கிலும் கொடிய துப்பாக்கி முனைக்குச் செல்லச் சில மணி நேரமே இருந்தபோது சிறையில் மணம் புரிந்துகொண்டவர். ஆறே நாளில் எழுச்சி அடங்கியது. மே மாதத்தில் பதினைவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மண்ட் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார்.

இந்த எழுச்சியைத் திட்டமிட்டது சின் ஃபெயின் அன்று. குடியரசுச் சகோதரத்துவம் என்னும் இரகசிய அமைப்பே திட்டமிட்டது. தொண்டர் படையும் தொழிலாளர் படையும் போரிட்டன. கிரிஃபித் அதில் பங்கு கொள்ளவே இல்லை. ஆனால் அரசும் பத்திரிகைகளும் அதனைச் 'சின் ஃபெயின் கலகம்' என்றே அழைத்தன. கிரிஃபித்தையும் சிறையிலிட்டன. ஒரு கட்சிக்குப் பகைவரே புகழைத் தேடிக் கொடுத்த விந்தை இது. மரண தண்டனைகளால் கொதித்த மக்கள், பகைவர் சூட்டிய பெயரையே தம் பெயராக ஏற்றனர்.

1917-இல் நான்கு இடைத்தேர்தல்கள் நாட்டின் மனமாற்றத்தை உலகுக்கு உணர்த்தின. முதலில் வென்றவர் கொல்லப்பட்ட கவிஞர் பிளங்கெட்டின் தந்தையார். மே மாதம் தெற்கு லாங்ஃபோர்டில் சிறையிலிருந்த கைதி ஒருவரை நிறுத்தினர். 37 வாக்கு மிகுதியில் வென்றார். ஜூலையில் கிளேர் தொகுதியில் ஈமன் டி வலேரா வென்றார். அக்டோபரில் கூடிய மாநாட்டில் கிரிஃபித் தலைமைப் பதவியை டி வலேராவுக்கு விட்டுக்கொடுத்தார். தாம் கட்டிய இல்லத்தின் திண்ணையில் தாமே இறங்கி அமர்வது எல்லார்க்கும் இயல்வதன்று. முதலில் குடியரசுக்கு உலக ஏற்பைப் பெறுவது, பின்னர் எத்தகைய அரசு வேண்டுமென மக்களே முடிவு செய்வது என்று ஒரு வாசகத்தில் அரசப் பற்றாளரும் குடியரசினரும் உடன்பட்டனர். இரு தரப்பும் ஒரு வாசகத்தின் கீழ்த் தங்கினர். ஆனால் இரு தரப்பும் அதனை இரு பொருளில் வாசித்தனர். இதனை நினைவில் வையுங்கள்.

1918-இல் ஐரிஷ் இளைஞரைக் கட்டாயப் படைக்குச் சேர்க்க அரசு முயன்றபோது நாடே எதிர்த்து நின்றது. டிசம்பர்த் தேர்தலில் 105 இடங்களில் 73 சின் ஃபெயினுக்குக் கிடைத்தன. அதுவரை ஐரிஷ் அரசியலை நடத்திவந்த பழைய நாடாளுமன்றக் கட்சிக்குக் கிடைத்தவை 6. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச், இக்கட்சியின் வேட்பாளர். தேர்தலின்போது அவர் சிறையில் இருந்தார். வென்ற எவரும் இலண்டன் செல்லவில்லை.

1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மாநகரத் தலைவர் மாளிகையில் 'டால் ஏரன்' எனப்படும் அயர்லாந்துப் பேரவை முதன்முறையாகக் கூடியது. நடவடிக்கைகள் பெரும்பாலும் ஐரிஷ் மொழியிலேயே நிகழ்ந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அனைவர் பெயரும் வரிசையாக வாசிக்கப்பட்டது. பெயருக்குப் பெயர், அயலார் சிறையில் உள்ளார், அயலார் சிறையில் உள்ளார் என்றே விடை வந்தது. அவையில் இருந்தவர் 27 பேர் மட்டுமே. முப்பதுக்கும் மேற்பட்டோர் சிறைகளில் இருந்தனர். பல காப்பியங்களின் பட்டியல்களை நாம் படித்திருக்கிறோம். இந்த வருகைப் பதிவேட்டுக்கு நிகரான ஒரு பட்டியலை நான் அறியேன்.

அதே பட்டியலில் அல்ஸ்டர் பகுதியின் பிரிட்டிஷ் ஆதரவாளர் தலைவரான எட்வர்ட் கார்சனின் பெயரும் வாசிக்கப்பட்டது. முறைப்படி அனைவர்க்கும் அழைப்புச் சென்றிருந்தது. அப்பெயர் கேட்டதும் அவையில் சிரிப்பெழுந்தது. இயல்பான சிரிப்புத்தான். ஆயினும் 1912-இல் தன்னாட்சிக்கு எதிரான உறுதிமொழிகளில் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட அல்ஸ்டர் ஆண்களும் பெண்களும் ஒப்பமிட்டிருந்தனர். அவர்களை 'நாம்' என்பதில் சேர்ப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு அந்தச் சிரிப்பு விடையாகாது. 1920-இல் சட்டமியற்றி நாடு துண்டாடப்பட்டபோது அக்கேள்வி திரும்பி வந்தது.

சின் ஃபெயினின் தலையாய பங்கு யாது என்று என்னைக் கேட்டால், அடுத்த ஈராண்டுகளில் அது செய்த அமைதியான பணிகளையே சுட்டுவேன். பேரவையின் பெயரால் மைக்கேல் காலின்ஸ் கடன் பத்திரம் வெளியிட்டார். தடை செய்யப்பட்ட அக்கடனுக்கு உள்நாட்டில் மட்டும் மூன்றரை இலட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. 1920 உள்ளாட்சித் தேர்தல்களில் வென்ற மன்றங்கள் பல, டப்ளின் கோட்டையிலிருந்த அரசை விடுத்துப் பேரவைக்குக் கட்டுப்பட்டன. ஊர்தோறும் பேரவை நீதிமன்றங்கள் அமைந்தன. மன்னர் பெயரால் நடந்த நீதிமன்றங்களில் வழக்காடுவோர் இல்லை. நிலவுடைமையாளரே தம் வழக்குகளைப் புதிய மன்றங்களுக்குக் கொண்டுவந்தனர். மேற்குக் கரையில் ஒரு தீவில் வைக்கப்பட்டிருந்த கைதிகள், மீட்க வந்த காவலரிடம், தாம் குடியரசின் கைதிகள் என்று கூறி வர மறுத்தனர் என ஒரு செய்தி வழங்குகிறது. தண்டிக்கப்பட்டவனே ஏற்றுக்கொண்ட பிறகு ஓர் அரசுக்கு வேறு என்ன சான்று வேண்டும்? இல்லாத ஒன்றை இருப்பதாகக் கருதி நடந்து, அதனை இருக்கச் செய்தனர். இது கவிஞரின் தொழிலுக்கு மிக அணுக்கமானது.

ஆனால் துப்பாக்கியும் உடன் நடந்தது. பேரவை கூடிய அதே நாளில் டிப்பரேரியில் இரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேரவை அதற்கு ஆணையிடவில்லை. படையின் செயல்களுக்குப் பேரவை வெளிப்படையாகப் பொறுப்பேற்றது 1921-இல்தான். 1920 நவம்பர் 21 அன்று காலையில் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் அதிகாரிகளை அவர்தம் அறைகளிலேயே கொன்றனர். பிற்பகலில் அரசுப் படையினர் விளையாட்டரங்கில் சுட்டு 14 பேரைக் கொன்றனர். அதற்கு முந்திய மாதம், கார்க் நகரத் தலைவரும் நாடக ஆசிரியருமான டெரன்ஸ் மக்ஸ்வினி இலண்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். பிறரை மிகுதியாகத் துன்புறுத்த வல்லவர்க்கன்று, மிகுதியாகத் துன்பம் தாங்க வல்லவர்க்கே வெற்றி என்ற பொருள்பட அவர் பேசியிருந்தார். போர் நிறுத்தம் 1921 ஜூலை 11-இல் வந்தது.

டிசம்பர் 6 அன்று இலண்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கிரிஃபித்தும் காலின்ஸும் ஒப்பமிட்டோருள் முதன்மையானவர். டி வலேரா டப்ளினிலேயே தங்கிவிட்டார். 26 மாவட்டங்களுக்குத் தன்னுரிமை கிடைத்தது, குடியரசு கிடைக்கவில்லை. உறுப்பினர் அரசரிடம் பற்றுறுதி கூறும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். பேரவையில் வாரக்கணக்கில் நடந்த விவாதத்தில் நாட்டின் துண்டாட்டத்தைப் பற்றிப் பேசியது குறைவு. அந்த உறுதிமொழியைப் பற்றிப் பேசியதே மிகுதி. 1922 ஜனவரி 7 அன்று 64-க்கு 57 என்ற கணக்கில் உடன்படிக்கை நிறைவேறியது. பெண் உறுப்பினர் அறுவரும் எதிர்த்தே வாக்களித்தனர். 1917-இல் இரு பொருளில் வாசித்த வாசகம் இப்போது இரு படைகளாகப் பிரிந்து நின்றது.

ஜூன் மாதத் தேர்தலில் 128 இடங்களில் உடன்படிக்கை எதிர்ப்பாளர் 36 இடங்களே பெற்றனர். மாதம் முடியுமுன் உள்நாட்டுப் போர் மூண்டது. டப்ளின் நீதிமன்றக் கட்டடம் தகர்ந்தபோது, அருகிலிருந்த ஆவணக் களரியில் நூற்றாண்டுகளின் ஏடுகள் எரிந்து சாம்பலாயின. ஆகஸ்ட் 12-இல் கிரிஃபித் இறந்தார், பத்து நாள் கழித்துக் காலின்ஸ் சுடப்பட்டு மாண்டார், வயது 31. டிசம்பரில், புதிய அரசின் அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ், ரோரி ஓ'கானரின் மரண தண்டனைக்கு உடன்பட்டார். ஓராண்டுக்கு முன் ஓ'ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் இந்த ஓ'கானர். இவ்வாறு தண்டிக்கப்பட்டோர் எழுபத்தேழுக்குக் குறையார். 'நாமே' என்று தொடங்கியவர்கள் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்று சுட்டத் தொடங்கியதன் முடிவு இது.

இவ்விருளில் ஓர் ஒளி. உடன்படிக்கைப் பேச்சின்போது தூதுக்குழுவின் செயலராக இருந்து, பின்னர் அதனை எதிர்த்தவர் எழுத்தாளர் எர்ஸ்கின் சில்டர்ஸ். 1922 நவம்பர் 24 அன்று அவர் சுடப்பட்டார். சுடுமுன் அணியிலிருந்த ஒவ்வொரு வீரனுடனும் அவர் கைகுலுக்கினார். அதற்குமுன், பதினாறு வயது மகனிடம் ஓர் உறுதி வாங்கியிருந்தார்: தம் சாவுக்கு ஒப்பமிட்ட ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கைகுலுக்க வேண்டும் என்பது அது. அந்த மகன் 1973-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார். பகைவரையும் உளப்படுத்திய தன்மைப் பன்மையை நான் அங்கே காண்கிறேன்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். டி வலேரா 1926-இல் பிரிந்து ஃபியன்னா ஃபால் கட்சியைத் தொடங்கினார். மறு ஆண்டு, அந்த உறுதிமொழி வெறும் சடங்கே என்று கூறிப் பேரவையில் நுழைந்தார். உடன்படிக்கைத் தரப்பினரின் வழியில் வந்தது ஃபின கேல் கட்சி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளான இவ்விரு கட்சிகளும் முதன்முதலாக ஓர் அமைச்சரவையில் கூடி அமர்ந்தது 2020-இல். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சின் ஃபெயின் என்ற பெயருடன் நின்ற பகுதி தன் வழியில் மேலும் பிளவுகளைக் கண்டு வளர்ந்தது. 2024-இல் அக்கட்சியின் பெண்மணி ஒருவர் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார்.

அன்பர்களே, வெறும் சடங்கு என்று 1927-இல் சொல்லக் கூடியதை 1922-இல் சொல்ல இயலாமற் போனதே என்று நாம் இரங்கலாம். ஆனால் 1922-இல் அவர்களுக்கு அது சடங்காக இல்லை. தம் தோழர் எந்தச் சொல்லுக்காகச் செத்தாரோ அந்தச் சொல்லை மாற்றி உரைக்க அவர்களுக்கு நா எழவில்லை. அவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கில்லை. சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் பிறந்த நாம், சொல்லுக்கு உயிரளவு விலை உண்டு என்பதையும், உயிரைவிட அதற்கு விலை கூட்டுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒருசேர மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் வட்டம் சிறியது. ரூனியின் வட்டமும் சிறியதாகவே தொடங்கிற்று. இங்கே எழுதப்படும் வரிகள் எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. கவிதையில் தன்மைப் பன்மையை எழுத நேரும்போது, அது 'நாம்' ஆகட்டுமா, 'நாங்கள்' ஆகட்டுமா என்று ஒரு கணம் எழுதுகோலை நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே கவிஞர் பெருமக்களுக்கு என் வேண்டுகோள். ஐரிஷ் மொழிக்கு இல்லாத அந்த வசதியைத் தமிழ் நமக்குத் தந்திருக்கிறது.